வேலை இல்லாதவன் சோம்பேறியா?

"உழைக்க மனம் இருந்தால் வேலைக்கா பஞ்சம்?"

வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து இருப்பவனைப் பார்த்து இப்படிக் கேட்பது சுலபம். கேட்கிறவர் பெரும்பாலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவராக இருப்பார்.

அமெரிக்காவில் ஒரு பெரிய கோடீசுவரரும் இதையே சொன்னார். அவர் பெயர் ஹென்றி போர்டு. மோட்டார் கார் செய்து உலகப் புகழ் பெற்றவர். வேலை ஏராளமாக இருக்கிறது, செய்யத்தான் ஆள் இல்லை என்றார். தப்பிக்க வழி இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஒழிய, சாதாரண மனிதன் ஒரு நாள் வேலையை ஒழுங்காகச் செய்யமாட்டான் என்றும் சொன்னார். இது நடந்தது 1931-ம் ஆண்டில்.

அவருடைய தொழிற்சாலைக் கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். 1929-ம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே 1 லட்சத்து 28 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். 1931-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எண்ணிப் பார்த்தால் 37 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள்.

மீதி 91 ஆயிரம் பேர் எங்கே போனார்கள்? இரண்டரை ஆண்டுக்குள் அத்தனை பேரும் சோம்பேறி ஆகிவிட்டார்களா?

இல்லை. அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கொழித்த நாடு

1920-ம் ஆண்டுகளில் அமெரிக்கா கொழித்தது. வீட்டுக்கு வீடு ரேடியோ வந்தது. தொழிலாளியும் கார் வாங்கினான். கையில் பணம் இல்லையா? கவலை இல்லை, தவணையில் வாங்கலாம். பங்கு மார்க்கெட்டிலும் அப்படித்தான். 10 டாலர் கையில் இருந்தால் போதும், 90 டாலர் கடன் வாங்கி 100 டாலர் பங்கை வாங்கலாம். விலை ஏறிக்கொண்டே இருந்ததால் எல்லோரும் தங்களைப் பணக்காரர் என்று நினைத்தார்கள்.

அடியில் ஓட்டை இருந்தது. தொழிற்சாலைகள் பொருளை மலை மலையாகக் குவித்தன. அதை வாங்குகிற மக்களின் கூலி அந்த அளவுக்கு உயரவில்லை. விவசாயிக்கு அந்த நல்ல காலத்திலேயே விளைச்சலுக்குத் தகுந்த விலை கிடைக்கவில்லை. கடன் வாங்கித்தான் பலர் பொருள் வாங்கினார்கள். கடன் எத்தனை நாள் தாங்கும்?

1929-ம் ஆண்டு அக்டோபர் 29-ந்தேதி செவ்வாய்க்கிழமை. அந்த ஒரே நாளில் நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் 1 கோடியே 64 லட்சம் பங்குகள் கைமாறின. எல்லோரும் விற்க ஓடினார்கள், வாங்க ஆள் இல்லை. அதன் பிறகு சரிவு நிற்கவில்லை. 1929 செப்டம்பரில் 381 ஆக இருந்த பங்கு விலைக் குறியீடு, 1932 ஜூலையில் 41 ஆகிவிட்டது. 100 ரூபாய்ப் பொருள் 11 ரூபாய்க்கு இறங்கியது போல!

பங்குத் தரகர்கள் வரிசையாக மாடியில் இருந்து குதித்துச் செத்தார்கள் என்று ஒரு கதை உலகம் முழுவதும் பரவி இருக்கிறது. அது பெரும்பாலும் கட்டுக்கதை. உண்மையில் அடிபட்டவர்கள், பங்குப் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத ஏழைகள்தான்.

1930-ம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பாங்கி கதவை மூடியது. பெயர் "பாங்க் ஆப் யுனைட்டெட் ஸ்டேட்ஸ்". பெயரைக் கேட்டால் அரசாங்கத்தின் பாங்கி போலத் தோன்றும். ஆனால் அது தனியார் பாங்கி. 4 லட்சம் பேருக்கு மேல் அதில் பணம் போட்டு இருந்தார்கள். பலர், வெளிநாடுகளில் இருந்து பிழைக்க வந்து, துணி தைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள். கொட்டும் மழையிலும் பாங்கி வாசலில் கூட்டம் நின்றது. 1930 முதல் 1933 வரை நாடு முழுவதும் சுமார் 9 ஆயிரம் பாங்கிகள் விழுந்தன. போட்ட பணத்துக்கு அந்த நாளில் இன்சூரன்ஸ் கிடையாது.

நாலு பேரில் ஒருவர்

பணம் போனதும் மக்கள் பொருள் வாங்குவதை நிறுத்தினார்கள். கடையில் சரக்கு தேங்கியது. கடைக்காரர் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. வேலை போனவன் கடைக்கு வருவதில்லை. அதனால் சரக்கு இன்னும் தேங்கியது. செக்கு மாடு சுற்றுவது போல இந்தத் துன்பம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் சில லட்சம் பேரை வெளியே தள்ளியது.

1929-ம் ஆண்டில் வேலை இல்லாதவர்கள் சுமார் 15 லட்சம். 1933-ம் ஆண்டில் 1 கோடியே 28 லட்சம். வேலை செய்யக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை இருந்தவர்களிலும் பலருக்கு அரை நாள் வேலை, அரைக் கூலி. அமெரிக்காவின் மிகப் பெரிய உருக்குக் கம்பெனியில் 1929-ல் 2 லட்சத்து 25 ஆயிரம் முழுநேரத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1933-ம் ஆண்டு ஏப்ரலில் முழுநேரத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை.

டெட்ராய்ட் நகரில் கார் செய்வது நின்றதால், அதன் அடி தமிழர்கள் மீதும் விழுந்தது. அமெரிக்கா 1929-ல் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகள் செய்தது. 1932-ல் செய்தது சுமார் 13 லட்சம்தான். கார் இல்லை என்றால் டயர் வேண்டாம். டயர் வேண்டாம் என்றால் ரப்பர் வேண்டாம். மலேயாவில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டு இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் லட்சத்துக்கு மேற்பட்டோர், 1930 முதல் 1932 வரையில் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். போர்டு என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் அவர்கள். அவர்களும் சோம்பேறிகளா?

தானியம் மலை, வயிறு காலி

பஞ்சம் என்றால் மழை பொய்க்கும், பயிர் கருகும், தானியம் கிடைக்காது. அமெரிக்காவில் மந்தம் தொடங்கியபோது நிலைமை அப்படி இல்லை. தானியம் கொட்டிக் கிடந்தது.

சுமார் 27 கிலோ கொண்ட ஒரு புஷல் கோதுமை, 1929-ல் ஒரு டாலருக்கு மேல் விற்றது. 1932-ல் சுமார் 38 சென்ட்டுக்கு வந்தது. வண்டி வாடகைக்கே அது கட்டாது. அயோவா பக்கத்தில் விவசாயிகள் சோளத்தை அடுப்பில் போட்டு எரித்துக் குளிர் காய்ந்தார்கள். நிலக்கரியைவிடச் சோளம் மலிவு! நல்ல விலை கேட்டுப் போராடிய விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டினார்கள். அதே நேரத்தில் நகரத்தில் குழந்தைகள் பால் இல்லாமல் வாடின.

விலையை உயர்த்த வேண்டும் என்று 1933-ல் அரசாங்கமே ஒரு திட்டம் போட்டது. சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளை விலைக்கு வாங்கிக் கொன்றார்கள். ஒரு கோடி ஏக்கர் பருத்திச் செடியை உழுது மண்ணில் புதைத்தார்கள். கிழிந்த துணியோடு, பசித்த வயிற்றோடு நின்ற மக்கள் அதைப் பார்த்தார்கள். இறைச்சியில் ஒரு பகுதி ஏழைகளுக்குக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனாலும் மக்களுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அதன் பிறகுதான், மிஞ்சிய உணவை வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்க அரசாங்கம் தனி அமைப்பு ஏற்படுத்தியது.

மேற்கே ஓக்லஹோமா, கான்சாஸ் பக்கம் வேறு ஒரு கேடு வந்தது. புல்வெளியை எல்லாம் உழுது கோதுமை போட்ட பூமி அது. 1930-ம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. வேர் பிடிப்பு இல்லாத மண் காற்றில் கிளம்பிப் பகலை இரவாக்கியது. லட்சக்கணக்கான மக்கள் பழைய காரில் சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் பழம் பறிக்கப் போனார்கள். வேலைக்கு வந்தவர்களை அங்கே வரவேற்றது யார்? 1936-ல் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரப் போலீசார் மாநில எல்லைக்கே போய் நின்றுகொண்டு, கையில் பணம் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்த நாட்டுக்குள் அகதிகள்!

கஞ்சித்தொட்டி

1930-ம் ஆண்டு குளிர்காலத்தில் நியூயார்க் தெரு முனைகளில் ஆப்பிள் வியாபாரிகள் முளைத்தார்கள். கோட்டும் தொப்பியும் போட்டவர்கள். கடனாகக் கொடுத்த ஆப்பிள் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒரு பழம் 5 சென்ட்டுக்கு விற்றார்கள். ஒரு தெருவில் ஒருவர் விற்றால் பிழைக்கலாம். ஒரே தெருவில் பத்துப் பேர் விற்றால் யாரிடம் விற்பது?

ஊர் ஊருக்குக் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். ஒரு கிண்ணம் சூப், ஒரு துண்டு ரொட்டி. அதற்காகத் தெருவைச் சுற்றி வரிசை. சிகாகோவில் இலவசச் சாப்பாட்டுக் கடை திறந்தவர்களில் ஒருவன், பேர்போன கொள்ளைக் கூட்டத் தலைவன் அல் கபோன். அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கொள்ளைக்காரன் செய்து பெயர் வாங்கிக்கொண்டான்.

வாடகை கொடுக்க முடியாதவர்களின் சாமான்களைத் தெருவில் எறிந்தார்கள். அவர்கள் ஊருக்கு வெளியே பழைய தகரம், பெட்டிப் பலகை, அட்டை இவற்றால் குடிசை போட்டார்கள். அந்தச் சேரிகளுக்கு "ஹூவர் ஊர்" என்று பெயர் வைத்தார்கள். ஹூவர்தான் அப்போது ஜனாதிபதி! போர்த்திக்கொண்டு படுக்கும் பழைய செய்தித்தாளுக்கு "ஹூவர் கம்பளி" என்று பெயர். வெளியே இழுத்துவிட்ட காலிச் சட்டைப்பைக்கு "ஹூவர் கொடி". ஏழைக்குக் கையில் காசு இல்லாவிட்டாலும் வாயில் கேலி இருந்தது.

வீட்டுக்குள் நடந்தது

பசியைவிடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு. அது வெட்கம்.

"வேலை இல்லாதவன் உதவாக்கரை" என்று சிறு வயதில் இருந்தே கேட்டு வளர்ந்த மக்கள் அவர்கள். அதனால் வேலை போனதும் பலர் அரசாங்கத்தைத் திட்டவில்லை. முதலாளியைத் திட்டவில்லை. தன்னையே திட்டிக்கொண்டார்கள். வழக்கம்போலக் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு புறப்பட்டு, நாள் முழுவதும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் வீடு திரும்பியவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதே! செருப்பு ஓட்டையை அட்டை வைத்து மறைத்தார்கள்.

வீட்டைத் தாங்கியவர்கள் பெண்கள். மாவு மூட்டைச் சாக்கைப் பிரித்துத் துவைத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். அதைப் பார்த்த மாவு கம்பெனிகள் சாக்கில் பூப்போட்டு விற்றன. தையல் வேலை, துணி வெளுக்கும் வேலை என்று எது கிடைத்தாலும் செய்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன? கணவனும் மனைவியும் அரசாங்க வேலையில் இருந்தால், ஆள் குறைக்கும்போது அவர்களில் ஒருவரை முதலில் நீக்க வேண்டும் என்று 1932-ல் சட்டம் வந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் மனைவிகளே.

இளைஞர்கள் வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று வெளியேறினார்கள். சுமார் இரண்டரை லட்சம் சிறுவர்களும் சிறுமிகளும் சரக்கு ரெயிலில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராக அலைந்தார்கள். ரெயிலில் இருந்து விழுந்து செத்தவர்களும் உண்டு. கல்யாணங்கள் தள்ளிப்போயின. குழந்தை பிறப்பது குறைந்தது.

கறுப்பு இன மக்கள் பட்டபாடு இன்னும் மோசம். கடைசியில் வேலைக்கு எடுப்பதும் அவர்களை, முதலில் விரட்டுவதும் அவர்களை. தெருக் கூட்டும் வேலையைக்கூட வெள்ளையர்கள் தங்களுக்குக் கொடுக்கும்படி கேட்டார்கள். மெக்சிகோ வம்சத்தினர் லட்சக்கணக்கில் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

பாங்கிக்கு உண்டு, பசித்தவனுக்கு இல்லை

ஜனாதிபதி ஹூவர் கல்நெஞ்சர் அல்ல. தாய் தந்தையை இழந்து அநாதையாக வளர்ந்தவர். முதல் உலகப் போரின்போது பெல்ஜிய நாட்டு மக்களுக்கு உணவு அனுப்பி லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியவர். அப்படிப்பட்டவர் சொந்த நாட்டு மக்கள் பசித்தபோது தயங்கினார். அரசாங்கம் நேரடியாகப் பணம் கொடுத்தால் மக்கள் கெட்டுப்போவார்கள், தருமவான்களும் ஊர்ச் சபைகளும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நம்பினார். ஆனால் 1932-ம் ஆண்டு தொடக்கத்தில், பாங்கிகளுக்கும் ரெயில்வே கம்பெனிகளுக்கும் கடன் கொடுக்க ஒரு பெரிய நிறுவனத்தையே ஏற்படுத்தினார். பணம் வாங்கினால் ஏழை கெட்டுப்போவானாம், பாங்கி கெட்டுப்போகாதாம்!

தருமம் எவ்வளவு கொடுத்தது? 1932-ல் நியூயார்க் நகரில் உதவி பெற்ற ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்குச் சராசரி 2 டாலர் 39 சென்ட். அதுவும் உதவி கேட்டவர்களில் ஒரு பகுதிக்குத்தான். சில மாநிலங்களில், தருமம் வாங்குகிறவனுக்கு ஓட்டு இல்லை என்றே சட்டம் இருந்தது. பசிக்கு ரொட்டி வாங்கியவன் குடிமகன் அல்ல!

நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்தவர்களுக்கும் இதே கதிதான். முதல் உலகப் போரில் சண்டை போட்டவர்களுக்குப் போனஸ் கொடுப்பதாக 1924-ல் சட்டம் செய்து இருந்தார்கள். ஆனால் கைக்குக் கிடைப்பது 1945-ல். "அதுவரை உயிரோடு இருப்போமா? இப்போதே கொடுங்கள்" என்று 1932 கோடையில் சுமார் 20 ஆயிரம் பேர் வாஷிங்டனுக்கு வந்தார்கள். பலர் மனைவி மக்களோடு வந்தார்கள். அனகாஸ்டியா ஆற்றங்கரையில் குடிசை போட்டு அமைதியாக இருந்தார்கள்.

ஜூன் 17-ந்தேதி செனட் சபை அவர்கள் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. பலர் கலைந்து போனார்கள். போக இடம் இல்லாதவர்கள் தங்கினார்கள். ஜூலை 28-ந்தேதி போலீசார் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். பிறகு ராணுவம் வந்தது. தலைமை தாங்கியவர் தளபதி மக்ஆர்தர். குதிரைப் படை, டாங்கிகள், கண்ணீர்ப் புகை! யார் மேல்? அதே ராணுவத்தில் சேவை செய்த பழைய சிப்பாய்கள் மேல். இரவில் குடிசைகள் எரிந்தன. தலைநகர வானம் சிவந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் ஹூவர் படுதோல்வி அடைந்தார்.

மண்வெட்டியும் கேலியும்

1933 மார்ச்சில் பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட், வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கமே வேலை கொடுக்க ஆரம்பித்தார். இளைஞர்களை முகாம்களில் சேர்த்துக் காடு வளர்க்கச் சொன்னார்கள். சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். மகன் மரம் நட்டான், வீட்டில் அடுப்பு எரிந்தது. சுமார் 30 லட்சம் இளைஞர்கள் ஒன்பது ஆண்டுகளில் சுமார் 300 கோடி மரங்கள் நட்டார்கள்.

உதவித் திட்டங்களை நடத்தியவர் ஹாரி ஹாப்கின்ஸ். காலப்போக்கில் பொருளாதாரம் தானே சரியாகிவிடும் என்று சிலர் அவரிடம் வாதாடினார்கள். மக்கள் காலப்போக்கில் சாப்பிடுவதில்லை, தினமும் சாப்பிடுகிறார்கள் என்று பதில் சொன்னார். 1935 முதல் 1943 வரை நடந்த பெரிய வேலைத் திட்டத்தில் 85 லட்சம் பேர் கூலி பெற்றார்கள். சாலைகள், பாலங்கள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள் எழுந்தன. 1935-ல் முதியோர் பென்ஷனுக்கும், வேலை இழந்தவர்களுக்கு உதவித் தொகைக்கும் சட்டம் வந்தது. அதிலும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டார்கள். கறுப்பு இன மக்களில் பெரும் பகுதியினர் அந்த வேலைகளில்தான் இருந்தார்கள். அந்தச் சட்டத்தில் அது பெரிய கறை.

இத்தனைக்கும் பிறகு கேலி நின்றதா? இல்லை. அரசாங்க வேலை செய்தவர்களை "மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவர்கள்" என்று பத்திரிகைகளில் படம் போட்டுச் சிரித்தார்கள். வேலை இல்லாவிட்டால் சோம்பேறி, வேலை கொடுத்தாலும் சோம்பேறி!

ரூஸ்வெல்ட் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார் என்று சொல்வதும் சரி அல்ல. 1940-ம் ஆண்டில்கூடச் சுமார் 80 லட்சம் பேருக்கு வேலை இல்லை. செலவு செய்ய அவருக்கும் ஓரளவு பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கியது இரண்டாவது உலகப் போர். குண்டு செய்யப் பணம் வேண்டும் என்றதும் பணம் வந்தது. 1944-ம் ஆண்டில் வேலை இல்லாதவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை.

போர்டு கம்பெனி டெட்ராய்ட்டுக்கு அருகே வில்லோ ரன் என்ற இடத்தில் குண்டு வீசும் விமானத் தொழிற்சாலை கட்டியது. 1943-ல் அங்கே 42 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பெண்கள். பிறகு மணிக்கு ஒரு விமானம் வீதம் வெளியே வந்தது. அப்போதும் ஆள் போதவில்லை. கென்டக்கி, டென்னசி மாநிலங்களுக்கு ஏஜெண்டுகளை அனுப்பி, வேலைக்கு வரும்படி மக்களை அழைத்து வந்தார்கள்.